காணாமற்போன நான்கு இதழ்கள்

கோவாவின் ஜுவாரி கழிமுகத்தில், நவம்பர் மாத அமாவாசைக்கு மறுநாள் மாலை 4.35 மணிக்கு ஓர் ஆய்வுப் படகின் எச்சரிக்கை மணி ஒலிக்கத் தொடங்கியது. இயந்திரத்தின் வெப்பமானி முள் 100 பாகையைக் கடந்திருந்தது. படகின் பின்புறத்தில் புகையோடு கலந்து கொட்ட வேண்டிய நீர் நின்று, வெண்ணிற ஆவி மட்டும் வந்துகொண்டிருந்தது. படகோட்டி உடனே இயந்திரத்தை அணைத்து நங்கூரத்தை இறக்கினார். படகிலிருந்த ஆய்வு மாணவி இயந்திர அறையின் மூடியைத் திறந்து குளிர்நீர்த் தொட்டியின் திருகுமூடியில் கை வைக்கப் போனபோது, அவர் குரலை உயர்த்தித் தடுத்தார். அழுத்தத்தில் அடைபட்டுக் கிடக்கும் கொதிநீர், மூடி தளர்ந்த கணத்தில் முகத்தில் பீறிடும் என்பது அவருக்குத் தெரியும்.

அன்று காலை 6 மணிக்கு அவர்கள் வேலையைத் தொடங்கியிருந்தனர். ஓர் ஓதச் சுழற்சி முழுமை பெற ஏறக்குறைய 12 மணி 25 நிமிடங்கள் ஆகும். அதை முழுதாகப் பிடிக்க வேண்டுமெனில் மணிக்கொரு முறையாகப் பதின்மூன்று மணி நேரம் உப்புத்தன்மையையும், நீரில் மிதக்கும் வண்டலின் அளவையும் அளக்க வேண்டும். மாலை 4 மணி வரை பதினொரு அளவீடுகள் கிடைத்துவிட்டன. எஞ்சியவை மூன்று. ஆனால் அந்த மூன்றுக்காகவே அந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. இறக்கம் முடிந்து ஏற்றம் தொடங்கும் வேளையில் அடிச்சேறு எவ்வாறு கிளறப்பட்டு மேலெழுகிறது என்பதே மாணவியின் ஆய்வேட்டில் மூன்றாம் இயலின் கேள்வி. அந்தக் கேள்விக்கான மணிநேரத்தில் படகு ஒரு மீன்பிடித் தோணியால் இழுக்கப்பட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

கொங்கணக் கரையில் படகுத் தலைவரைத் தாண்டேல் என்பர். அந்தத் தாண்டேல் ஐம்பதைக் கடந்தவர். பிள்ளைப் பருவத்திலிருந்து அந்தக் கழிமுகத்தில் படகு செலுத்துபவர். ஆய்வு நிறுவனத்தில் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தில் பணிபுரிபவர். மறுநாள் நிறுவனத்தின் கோப்பில் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. வெப்பமானியைக் கவனிக்கத் தவறியதால் இயந்திரம் சூடேறியது. பழுதுச் செலவைப் படகோட்டியின் ஊதியத்திலிருந்து பிடித்தம் செய்வது பற்றி முடிவெடுக்கலாம் என்பது அதன் சாரம். என்ன உடைந்தது என்று எவரும் பார்ப்பதற்கு முன்பே அந்தக் குறிப்பு எழுதப்பட்டிருந்தது.

அந்தப் படகு எட்டு மீட்டர் நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதிலிருந்தது ஸ்டெர்ன் டிரைவ் வகை டீசல் இயந்திரம். இந்த அமைப்பில் இயந்திரம் படகுக்குள்ளே, பின்பலகையை ஒட்டி அமர்ந்திருக்கும். சுழல்விசிறியைத் தாங்கும் கால் மட்டும் பின்பலகைக்கு வெளியே நீரில் தொங்கும். அந்தக் கால் இடமும் வலமுமாகத் திரும்பிப் படகைச் செலுத்தும். ஆழம் குறைந்த இடத்தில் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். வோல்வோ பென்டா நிறுவனம் 1959-இல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் இவ்வகை அமைப்பைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உள்ளே பாதுகாப்பாக இருக்கும் இயந்திரத்தின் வலிமையும், வெளியே தூக்கி இறக்கும் இயந்திரத்தின் நெகிழ்ச்சியும் ஒன்றாகக் கிடைத்ததால் உலகெங்கும் சிறு படகுகளில் அது பரவியது. சேற்றுத் திட்டுகள் நிறைந்த கழிமுகத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு இதைவிட வசதியான அமைப்பு அரிது.

அந்த வசதிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. எரியும் டீசலின் ஆற்றலில் பாதிக்கும் குறைவான பங்கே சுழலும் விசையாகிறது. மீதி முழுவதும் வெப்பம். புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் அது வெளியேறியாக வேண்டும். தரையில் ஓடும் வண்டிக்கு அதற்குக் காற்று உண்டு. படகின் வயிற்றுக்குள் அடைபட்ட இயந்திரத்துக்கு வெளிநீர்தான் கதி. இவ்வகைப் படகுகள் பலவற்றில் அந்த வெளிநீர், வெளியே தொங்கும் அதே காலின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியாகவே உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஆழம் குறைந்த இடத்தில் காலைத் தூக்கும்போது, நீர் குடிக்கும் வாயும் சேர்ந்தே மேலே வருகிறது. அளவுக்கு மீறித் தூக்கினால் அது காற்றைக் குடிக்கும். தூக்காமல் விட்டால் சேற்றைக் குடிக்கும்.

காலின் பிளவுகளில் நுழையும் நீர் பின்பலகையைத் துளைத்துச் செல்லும் குழாய் வழியே வடிகட்டிக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு பம்பு அதை உறிஞ்சி வெப்பப் பரிமாற்றிக்குள் தள்ளுகிறது. பரிமாற்றியின் மெல்லிய குழல்களுக்குள் வெளிநீர் ஓட, அவற்றைச் சூழ்ந்து இயந்திரத்தின் உள்சுற்று நீர் ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை, வெப்பம் மட்டும் கைமாறுகிறது. அதன்பின் வெளிநீர் புகைக்குழாயில் கலந்து, புகையைக் குளிர்வித்து, பின்புறமாக வெளியே கொட்டுகிறது. பம்பின் உள்ளே சுழல்வது இம்பெல்லர் எனப்படும் ரப்பர்ச் சக்கரம். பூவின் இதழ்கள் போல் வளையக்கூடிய பத்து இதழ்கள் அந்தப் படகின் சக்கரத்தில் இருந்தன. அந்த ரப்பருக்கு மசகாக இருப்பதும் அது தள்ளும் நீரே. நீர் இல்லாமல் சுழன்றால் உராய்வின் சூட்டில் இதழ்கள் சிறிது நேரத்திலேயே கருகி ஒடியும்.

நிறுவனப் பணிமனையின் தொழில்நுட்பர் இரண்டாம் நாள் பம்பைத் திறந்தார். பத்தில் நான்கு இதழ்கள் இல்லை. பழுது கண்முன் இருந்ததால் எவருக்கும் ஐயம் எழவில்லை. புதிய இம்பெல்லர் பொருத்தப்பட்டது. ஜெட்டியில் கட்டியபடியே இயந்திரம் அரைமணி நேரம் மெல்ல ஓடியது. முள் 82-இல் அசையாமல் நின்றது. பின்புறம் நீர் கொட்டியது. ‘இம்பெல்லர் மாற்றப்பட்டது, சரியாயிற்று’ என்று பதிவேட்டில் ஒரு வரி சேர்ந்தது.

நான்காம் நாள் சோதனை ஓட்டத்தில் படகு கழிமுகத்தின் நடுவாய்க்காலை அடைந்து வேகமெடுத்த ஏழாவது நிமிடத்தில் முள் மீண்டும் 98-ஐத் தொட்டது. வேகத்தைக் குறைத்ததும் மெல்ல இறங்கியது. தெர்மோஸ்டாட் சிக்கியிருக்கும் என்று அதை மாற்றினர். மறுநாளும் அதே ஏழு நிமிடம், அதே 98. அடுத்து வெப்பமானியே பொய் சொல்கிறது என்ற கருத்து எழுந்தது. ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு புதிய பாகம் வாங்கப்பட்டது. ஒவ்வொரு பாகத்தின் விலையும், பிடித்தம் செய்யப்படவிருந்த தொகையில் கூடிக்கொண்டிருந்தது. பௌர்ணமியை ஒட்டிய அடுத்த பெரு ஓதத்துக்கு ஒன்பது நாட்களே இருந்தன.

தாண்டேலின் யோசனைப்படி மீன்பிடித் துறையிலிருந்து ஒரு மேஸ்திரி வரவழைக்கப்பட்டார். மெஸ்த்ரே என்னும் போர்த்துக்கீசியச் சொல் தமிழில் மேஸ்திரி ஆனது போலவே கொங்கணியிலும் மேஸ்த் ஆகியிருக்கிறது. கைத்தொழில் தெரிந்தவருக்கு இரு கரைகளிலும் ஒரே பெயர். அவர் தம் கருவிப்பெட்டியை ஜெட்டியின் மேலேயே வைத்துவிட்டுப் படகில் இறங்கினார். முதலில் இயந்திரத்தைப் பார்க்கவில்லை. தாண்டேலைப் பார்த்து, கொங்கணியும் இந்தியும் கலந்த பேச்சில் கேள்விகளை அடுக்கினார். சூடு மெல்ல ஏறியதா, திடீரென்று தாவியதா? எந்த வேகத்தில் ஏறுகிறது? வேகத்தைக் குறைத்தால் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது? மணி அடிப்பதற்கு முன் இயந்திரத்தின் ஒலி மாறியதா? அதற்கு முன் படகு எங்கே நின்றிருந்தது?

ஐந்து நாட்களில் தாண்டேலிடம் எவரும் கேட்ட முதல் கேள்விகள் அவை. அவரிடம் எல்லாவற்றுக்கும் விடை இருந்தது. மணி அடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் முன்பே புகையின் ஒலி வறண்டு மாறியதாகவும், அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதே முள் தாவியதாகவும் சொன்னார். கடைசிக் கேள்விக்கு மட்டும் சற்றுத் தயங்கி, ‘சிக்காலிம் விரிகுடா வாயில்’ என்று இடத்தை மட்டும் சொன்னார். அங்கே எவ்வளவு நேரம் நின்றது, ஏன் நின்றது என்பதைச் சொல்லவில்லை. மாணவி அருகில்தான் நின்றிருந்தாள். அவளும் சொல்லவில்லை.

மேஸ்திரியின் வேலை ஒரு வரிசையில் நடந்தது. முதல் ஐயம் அளவுகோலின் மீதே. தெர்மோஸ்டாட் உறையின் பளபளப்பான உலோகத்தில் கறுப்பு மின்நாடாவின் துண்டு ஒன்றை ஒட்டி, அதன் மீது அகச்சிவப்பு வெப்பமானியைப் பிடித்தார். பளபளக்கும் உலோகம் அகச்சிவப்பு மானியை ஏமாற்றும். கறுப்பு நாடா ஏமாற்றாது. இயந்திரம் சூடேறியிருந்த வேளையில் நாடா 95 காட்டியது, முள் 97. ‘முள் உண்மைதான் சொல்கிறது’ என்றார். கழற்றி எறியப்பட்டிருந்த பழைய தெர்மோஸ்டாட்டைத் தேடி எடுத்து, ஒரு பாத்திர நீரில் வெப்பமானியோடு தொங்கவிட்டு அடுப்பில் வைத்தார். ஏறக்குறைய 80 பாகையில் அது ஒழுங்காக வாய் திறந்தது. குற்றமற்றது என்று அதையும் ஓரமாக வைத்தார்.

இயந்திரம் முழுதும் ஆறிய பின் குளிர்நீர்த் தொட்டியைத் திறந்து ஓடவிட்டுப் பார்த்தார். நீர்மட்டம் சரியாக இருந்தது. எண்ணெய்ப் படலம் இல்லை. தொடர்ந்து எழும் குமிழிகளும் இல்லை. அப்படிக் குமிழிகள் எழுந்திருந்தால் சிலிண்டர் தலையின் கேஸ்கெட் சிதைந்து எரிவாயு நீருக்குள் கசிகிறது என்று பொருள். பழுது பல மடங்கு பெரிதாகியிருக்கும். பிறகு இயந்திரத்தைச் சூடேற்றி, உள்சுற்று நீர் வெப்பப் பரிமாற்றிக்குள் நுழையும் இடத்தையும் வெளியேறும் இடத்தையும் அளந்தார். இரண்டுக்கும் இடையே வேறுபாடு மிகக் குறைவு. உள்சுற்று நீர் வெப்பத்தைச் சுமந்து வந்து, ஒப்படைக்க ஆள் இல்லாமல் சுமையோடு திரும்பிக்கொண்டிருந்தது. ஆக, உள்சுற்றில் குறையில்லை. குறை வெளிநீரின் பாதையில். இந்த ஒரே அளவீட்டில் இயந்திரத்தின் பாதி, ஐயத்திலிருந்து விடுபட்டது.

வெளிநீர்ப் பாதையை அவர் வாயிலிருந்து தொடங்கினார். படகைத் துறைச் சரிவில் ஏற்றிக் காலின் பிளவுகளைக் கம்பியால் துழாவியபோது சேறும், பார்னக்கிள் என்னும் ஓடுடைய ஒட்டுயிரிகளின் உடைசல்களும் வந்தன. வடிகட்டியின் அடியில் அலையாத்தி இலைகளின் நாரும் களிமண்ணும் படிந்திருந்தன. வடிகட்டியிலிருந்து பம்புக்குச் செல்லும் குழாயில் சிறிது தூரம் ஒளி ஊடுருவும் குழாயை மாற்றிப் பொருத்தி, காற்றுக் குமிழிகள் ஓடுகின்றனவா என்று பார்த்தார். இல்லை. உறிஞ்சும் பக்கக் குழாய் வேகத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்கிறதா என்று தடவிப் பார்த்தார். அதுவும் இல்லை. மீண்டும் ஓட்டியபோது 98-ஐத் தொட ஏழு நிமிடத்துக்குப் பதில் பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பணிமனையினர் மகிழ்ந்தனர். மேஸ்திரி மகிழவில்லை. ஐந்து நிமிடத்துக்கான காரணம் கிடைத்துவிட்டது, மீதிக்கான காரணம் எங்கே என்று கேட்டார்.

அப்போதுதான் அவர், கழற்றப்பட்ட பழைய இம்பெல்லரைக் கொண்டுவரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்துச் சுழற்றி இதழ்களை எண்ணினார். ஆறு இருந்தன. ‘மீதி நான்கு எங்கே?’ என்றார். புகையோடு வெளியே போயிருக்கும் என்றார் தொழில்நுட்பர். மேஸ்திரி தம் கட்டைவிரலின் மேற்கணுவைக் காட்டினார். ஓர் இதழ் அந்த அளவு. பரிமாற்றியின் குழல்களின் உள்வாய் சில மில்லிமீட்டர்களே. ‘இது அதற்குள் எப்படிப் போகும்?’

அடுத்துச் செய்த சோதனைக்குத் தேவைப்பட்டது பத்து லிட்டர் வாளி ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றும் மட்டுமே. இயந்திரத்தை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, பரிமாற்றிக்கு முன்னால் குழாயைக் கழற்றி வாளியில் பிடித்தார். வாளி நிறைய 22 நொடிகள். புகைக்குழாய் நீரின்றிச் சூடேறாதிருக்க உடனே அணைத்தார். குழாயை மாட்டிவிட்டு, பரிமாற்றிக்குப் பின்னால் கழற்றிப் பிடித்தார். அதே வேகத்தில், அதே வாளிக்கு 51 நொடிகள். இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பது பரிமாற்றி ஒன்றே. அதற்குமேல் கருத்துகளுக்கு இடமில்லை.

மெல்ல ஓடும்போது முள் ஏன் 82-இல் நின்றது என்பதும் அங்கேயே விளங்கியது. மெல்ல ஓடும் இயந்திரம் எரிக்கும் டீசல் குறைவு. வெளியேற்ற வேண்டிய வெப்பமும் குறைவு. பாதி அடைபட்ட குழல்களே அதற்குப் போதும். சுமை ஏறும்போது வெப்பம் பல மடங்காகிறது. நீர் அதற்கு ஈடாகக் கூடுவதில்லை. ஜெட்டியில் கட்டிவைத்து நடத்திய சோதனை, இயந்திரத்திடம் கேட்க வேண்டிய கேள்வியையே கேட்கவில்லை. ஆய்வகத்தில் எளிய மாதிரிகளை வைத்துச் சரிபார்த்த ஒரு முறையைக் களத்துக்கு எடுத்துச் சென்று ஏமாந்தவர்களுக்கு இது பழகிய கதை.

பரிமாற்றியின் முனைமூடி திறக்கப்பட்டது. குழல்களின் வாய்கள் வரிசையாகத் தெரிய வேண்டிய முகத்தில் கறுத்த அடை ஒன்று அப்பியிருந்தது. மேஸ்திரி அதை வாரியெடுத்துப் பழைய செய்தித்தாளின் மீது பரப்பினார். இலை நார், களிமண், சன்னலுக்குப் பதிக்கும் சிப்பியின் மெல்லிய ஒளிபுகு சில்லுகள். போர்த்துக்கீசியர் காலத்துக் கோவா வீடுகளின் சன்னல்களில் கண்ணாடிக்கு ஈடாகப் பதிக்கப்பட்ட பிளாக்குனா பிளாசென்டா என்னும் அந்தச் சிப்பி, சிக்காலிம் விரிகுடாவின் சேற்றுத் தரையில் வாழ்வது. அந்தச் சில்லுகள் படகு எங்கே நின்று நீர் குடித்தது என்பதைச் சொல்லிவிட்டன. அவற்றுக்கிடையே ரப்பர்த் துண்டுகள். மூன்று இதழ்கள் பரிமாற்றியின் முகத்தில் கிடைத்தன. நான்காவது பம்புக்கு அடுத்த வளைகுழாயின் முழங்கையில் சிக்கியிருந்தது.

நான்கும் கிடைத்த பின்னரும் மேஸ்திரி துழாவுவதை நிறுத்தவில்லை. அடையின் அடிப்பகுதியிலிருந்து இன்னும் இரண்டு ரப்பர்த் துண்டுகளை எடுத்தார். அவை மற்றவை போலில்லை. இறுகி, கல்லாகி, வெண்ணிற உப்புச் செதில் மூடியிருந்தன. உடைந்த இம்பெல்லரில் இல்லாதவை நான்கு, கிடைத்தவை ஆறு. இந்த இரண்டும் முந்தைய ஏதோ ஓர் இம்பெல்லரின் இதழ்கள். பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டியபோது, அந்தத் தாண்டேல் பணியில் சேர்வதற்கு முந்தைய ஆண்டில் ஒரு வரி இருந்தது: ‘இம்பெல்லர் மாற்றப்பட்டது, சரியாயிற்று.’ அன்றும் எவரும் எண்ணவில்லை. எண்ணாமல் விட்ட இரண்டு இதழ்கள் ஆண்டுக்கணக்கில் குழல்களின் வாயை மூடிக்கொண்டு கிடந்தன. ஒவ்வொரு பருவமும் அவற்றின் மேல் சிறிது நார் சேர்ந்தது. முள் மட்டும் 82-இல் நின்றதால் படகு நலமாக இருப்பதாக அனைவரும் நம்பியிருந்தனர்.

குழல்கள் மென்மையான தூரிகைக் கம்பியால் ஒவ்வொன்றாகத் துலக்கப்பட்டன. வாளி மீண்டும் நிறைக்கப்பட்டது: முன்னால் 22 நொடிகள், பின்னால் 24. முழு வேகத்தில் நாற்பது நிமிடம் ஓடியும் முள் 84-ஐத் தாண்டவில்லை. மேஸ்திரி ஆறு இதழ்களையும் ஒரு சிறு பையிலிட்டு முடிந்து, பதிவேட்டோடு சேர்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

தாண்டேலுக்கு இது பாதி விடுதலை. பழைய இதழ்கள் இரண்டும் அவருடைய காலத்தவை அல்ல. ஆனால் புதிய நான்கும் அவருடைய கைக்குக் கீழ் ஒடிந்தவை. படகோட்டி ஆழமற்ற இடத்தில் தேவையின்றி நிறுத்தியதே உடனடிக் காரணம் என்று குறிப்பைத் திருத்தி எழுதலாம் என்று நிறுவனத்தில் பேச்சு எழுந்தது. அன்று படகில் இருந்தவர் என்ற முறையில் மாணவியிடம் எழுத்து வழி விளக்கம் கேட்கப்பட்டது.

விளக்கம் அவளுடைய களக்குறிப்பேட்டிலேயே இருந்தது. மாலை 4.08-க்கு நேரான வரியில் அவளுடைய கையெழுத்தில், ‘ஆழம் 1.1 மீ. தாண்டேல் கிளம்பலாம் என்கிறார். இன்னும் இரண்டு மாதிரிகள்’ என்று எழுதியிருந்தது. அடுத்த பதிவு 4.29. இறக்க நீரோட்டத்தில் நங்கூரம் சேற்றில் இழுபட்டதால், படகை ஒரே புள்ளியில் நிறுத்த இயந்திரத்தை இயக்கத்திலேயே வைத்திருக்க வேண்டியிருந்தது. சுழல்விசிறி தரையில் தட்டாதிருக்கத் தாண்டேல் காலைத் தூக்கினார். அந்த இருபத்தொரு நிமிடமும் படகு, விசிறி கிளறிய சேற்றையும் இடையிடையே காற்றையும் மாறி மாறிக் குடித்தது. அவர் மீண்டும் ஒரு முறை கிளம்பலாம் என்று சொன்னதும், ‘ஐந்தே நிமிடம்’ என்று அவள் பதில் சொன்னதும் குறிப்பேட்டில் இல்லை. அது அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியும். மேஸ்திரி கேட்டபோது தாண்டேல் இடத்தை மட்டும் சொல்லி நிறுத்தியதன் பொருளும் அவளுக்குத் தெரியும்.

அவள் இரண்டு நாள் எழுதாமல் இருந்தாள். ஆய்வேடு சமர்ப்பிக்க இன்னும் ஓராண்டு இருந்தது. படகு ஒதுக்கீடு ஆண்டுதோறும் ஒரு குழுவின் தயவில் கிடைப்பது. களப்பணியில் பொறுப்பின்மை என்ற சொல் ஒரு கோப்பில் ஏறிவிட்டால் அது எங்கெல்லாம் உடன் வரும் என்பது ஆய்வு மாணவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுபக்கத்தில், எழுதாமல் இருப்பதற்கு எதுவும் செய்ய வேண்டியதில்லை. குறிப்பேட்டை எவரும் கேட்கவில்லை. ‘ஆழமற்ற நிலையத்தில் மாதிரி எடுக்கப்பட்டது’ என்ற வாக்கியம் முழுக்க உண்மையாகவே இருக்கும். உண்மையான வாக்கியங்களைக் கொண்டே ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட முடியும்.

அதே இரண்டு நாளில் அவள் முன்னால் இன்னொரு வெற்றிடமும் இருந்தது. 5, 6, 7 மணிகளின் அளவீடுகள். பதினொரு புள்ளிகள் வழியாக ஒரு மென்மையான வளைகோட்டை நீட்டினால் அந்த மூன்றும் அழகாக வந்து அமர்ந்தன. திரையில் அந்த வளைகோடு முழுமையாக இருந்தது. ஆனால் இறக்கம் ஏற்றமாகத் திரும்பும் கணத்தில் வண்டல் மென்மையாக நடந்துகொள்வதில்லை என்பதே அவளுடைய ஆய்வின் கருதுகோள். தெரியாததை அறியப் போன இடத்தில், தெரிந்ததைக் கொண்டு அதை நிரப்புவது என்ன வகை அறிவு என்ற கேள்வியோடு அவள் அந்த வரைபடத்தின் முன் அமர்ந்திருந்தாள். மேசையின் மேல், பதிவேட்டோடு சேர்க்கப்பட வேண்டிய ஆறு இதழ்களின் பை இருந்தது.

மூன்றாம் நாள் விளக்கம் எழுதப்பட்டது. ஒன்றரைப் பக்கம். நேரங்கள், ஆழங்கள், தாண்டேல் இருமுறை எச்சரித்தது, அவள் இருமுறை மறுத்தது, மணி அடித்ததும் அவர் இயந்திரத்தை அணைத்த விரைவு, கொதிக்கும் தொட்டியைத் திறக்கவிடாமல் தடுத்தது, பழைய இதழ்கள் இரண்டு, வாளியின் நொடிக் கணக்குகள். களக்குறிப்பேட்டின் அந்தப் பக்கத்தின் நகலும் இணைக்கப்பட்டது. நெறியாளர் அதை இரண்டு முறை படித்தார். எதுவும் சொல்லவில்லை, கையெழுத்திட்டு மேலே அனுப்பினார்.

பிடித்தம் கைவிடப்பட்டது. தாண்டேலின் ஒப்பந்தம் மார்ச் வரை இருந்தபடியே இருந்தது. மாணவிக்குப் படகுக் குழுவிடமிருந்து ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது. பதிவேட்டில் இனி இம்பெல்லர் மாற்றும்போது உடைந்த இதழ்களின் எண்ணிக்கையையும், கண்டெடுத்த இதழ்களின் எண்ணிக்கையையும் தனித்தனிக் கட்டங்களில் எழுத வேண்டும் என்று ஒரு விதி சேர்ந்தது. களப்பணி நெறிமுறையில் மாணவி தானே ஒரு வரியைச் சேர்த்தாள்: நீரின் ஆழம் ஒன்றரை மீட்டருக்குக் கீழே போனால் படகு நிற்பதா கிளம்புவதா என்பதில் தாண்டேலின் சொல்லே முடிவானது.

பௌர்ணமிக்கு மறுநாள் அவர்கள் மீண்டும் கழிமுகத்துக்குப் போனார்கள். பதினான்கு அளவீடுகளும் கிடைத்தன. ஆயினும் அவை முந்தைய நாளின் வெற்றிடத்தை நிரப்பும் தகுதி பெறவில்லை. மழைக்காலம் முடிந்த பிறகு ஆற்றின் வரத்து நாளுக்கு நாள் குறைகிறது. இரண்டு வாரத்துக்குப் பிந்தைய கழிமுகம் வேறொரு கழிமுகம். ஆகவே மூன்றாம் இயலில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று முழுமையானது. மற்றொன்றில் மாலை 4 மணியோடு கோடு நின்றுவிடுகிறது. கீழே, இயந்திரப் பழுதால் அளவீடு நிறுத்தப்பட்டது என்றும், ஆழமற்ற நிலையத்தில் நெடுநேரம் நின்றது அப்பழுதுக்கு ஒரு காரணம் என்றும் சிறிய எழுத்தில் இருக்கிறது.

பௌர்ணமி நாளில் அதே சிக்காலிம் வாயில், ஏறக்குறைய அதே ஆழத்தில், தாண்டேல் இயந்திரத்தின் ஒலியைச் சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ‘மேடம், போகலாம்’ என்றார். மாணவியின் கையில் மாதிரிப் புட்டி பாதி நிறைந்திருந்தது. அதை அப்படியே மூடிப் பெட்டியில் வைத்தாள். குறிப்பேட்டில் நேரத்தை எழுதி, ‘பாதி மாதிரி’ என்று பக்கத்தில் குறித்துக்கொண்டாள். படகு வாய்க்காலை நோக்கித் திரும்பியது. பின்புறத்தில் நீர் தடையின்றிக் கொட்டிக்கொண்டிருந்தது.